பொட்டு மறையாமல்: கறுப்பு வெள்ளைக்கு பிலிமா, ராவா, மோனோகுரோம் கேமராவா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் காலை ஒன்பது மணி. கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையான காக்கி லீமாவின் நிழலில் பூக்கட்டும் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் வாழை இலை விரித்திருக்கிறது. அதன்மேல் மல்லிகை, செவ்வந்தி, சிவப்பு ரோஜா. நெற்றியில் குங்குமப் பொட்டு. கண்ணுக்கு இது வண்ணத் திருவிழா. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ரோஜாவும் இலையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்ளும். லென்ஸில் சிவப்பு பில்டர் மாட்டினால் ரோஜா வெளுத்து இலையிலிருந்து பிரியும். ஆனால் தோலும் குங்குமமும் சேர்ந்தே வெளுப்பதால் பொட்டு நெற்றியோடு கரைந்துவிடும், செவ்வந்தியும் மல்லிகையும் ஒரே வெள்ளையாகும். மஞ்சள்பச்சை பில்டர் போட்டால் பொட்டு கறுப்பாக, அழுத்தமாக நிற்கும். இலை வெளுக்கும், ரோஜா இருளும், முகமும் ஒரு படி இருளும்.

கறுப்பு வெள்ளைக்கு எந்த வழி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் விலையையும் மெகாபிக்சலையும் ஒப்பிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பதை எப்போது முடிவு செய்யப் போகிறோம் என்பதுதான். பிலிமிலும், நிறமே பதியாத மோனோகுரோம் டிஜிட்டல் கேமராவிலும் அதை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். வண்ண ராவில், அதாவது சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் டிஜிட்டல் கோப்பில், வீட்டுக்கு வந்து முடிவு செய்யலாம். மற்ற வேறுபாடுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்தே கிளைக்கின்றன.

டோனும் (சாம்பல் அளவும்) கட்டமைப்பும் ஒன்றே

கட்டமைப்பு (படத்துக்குள் எதை எங்கே வைப்பது) என்றதும் மூன்றில் ஒரு பங்கு விதி, வழிநடத்தும் கோடுகள் என்று பாடம் தொடங்குவது வழக்கம். கறுப்பு வெள்ளையில் கோடு என்பதே இரண்டு சாம்பல்கள் சந்திக்கும் இடம்தான். மரூன் சேலை கட்டியவர் பச்சைச் சுவருக்கு முன்னால் நிற்கிறார். வண்ணத்தில் அவர் தெளிவாகத் தெரிகிறார், கறுப்பு வெள்ளையில் சுவருக்குள் போய்விடுகிறார். உருவம் பின்னணியிலிருந்து பிரியாத படத்தை எந்த விதியும் காப்பாற்றாது. கண்ணைப் பாதி மூடி, இமை வழியாகக் காட்சியைப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து மூன்று நான்கு பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளின் வடிவம் நன்றாக இருந்தால் படம் நிற்கும்.

பினாங்கு வானம் இதற்கு ஒரு தனிச் சோதனை. பல நாள்களில் அது நீலமும் இல்லை, மேகமும் இல்லை. ஈரப்பதம் கலந்த வெள்ளைத் திரை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது மேல் ஓரத்தில் ஒரு ஓட்டை போல உட்கார்ந்து கண்ணை இழுக்கும். சிவப்பு பில்டர் வானத்தை இருட்டாக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அது நீலத்தைத்தான் இருட்டாக்கும், வெள்ளையை ஒன்றும் செய்யாது. கடைவீட்டின் கூரை விளிம்பையோ காக்கி லீமாவின் வளைவையோ மேல் ஓரத்துக்குக் கொண்டுவந்து வானத்தை வெட்டிவிடுவதே நல்ல வைத்தியம்.

வெயிலின் கணக்கும் வேறு. மலேசிய நேரப்படி பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, சுமார் 1.20க்கு. சூரிய உதயம் ஏழு மணிக்கு மேல். ஆகவே காலை எட்டிலிருந்து பத்து வரை சாய்ந்த வெயில் கிடைக்கும். தூண்களின் நிழல் தரையில் நீளமாக, இடைவெளி விட்டு விழும். உச்சி வெயிலில் தெருவுக்கும் காக்கி லீமாவின் உள்பக்கத்துக்கும் வித்தியாசம் 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) வரை எளிதாகப் போகும். அந்த நேரத்தில் இரண்டையும் காட்ட முயலாமல், நிழலை முழுக் கறுப்பாக விட்டு அதன் வடிவத்தை நம்புவது நல்லது.

நம் தோல், நம் வேட்டி

கேமராவின் மீட்டர் தான் பார்ப்பதை எல்லாம் 18 சதவீதச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியை அளந்தால் வேட்டி சாம்பலாகும், படம் இருளும். ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்டாப் கூட்டினால்தான் அது மடிப்பு தெரியும் வெள்ளையாகும். கருமையான முகத்தை மட்டும் அளந்தால் எதிர்ப்பக்கத் தவறு நடக்கும். முகம் சாம்பலாக வெளிறிப்போகும், அதன் ஆழம் போய்விடும்.

அமெரிக்கப் படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த, கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஸ்டாப்புக்கு ஒரு மண்டலமாகப் பிரிக்கும் மண்டல முறையில் நடுச் சாம்பல் ஐந்தாம் மண்டலம். வெயில் படும் வெள்ளைக்காரத் தோலுக்கு ஆறாம் மண்டலம் என்பது வழக்கமான பாடம். அதை அப்படியே நம் முகங்களுக்குப் போட்டால் ஆளே மாறிவிடுவார். மாநிறத்துக்கு ஐந்து, நல்ல கறுப்புக்கு நான்கு என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கருத்த முகத்தை, சிறு பகுதியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்து ஒரு ஸ்டாப் குறைத்தால் நான்காம் மண்டலம் வரும். இன்னொரு எளிய வழி உள்ளங்கை. ஆளுக்கு ஆள் தோல் நிறம் எவ்வளவு மாறினாலும் உள்ளங்கை அந்த அளவு மாறுவதில்லை, மீட்டர் எதிர்பார்க்கும் நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சமாக இருக்கும். முகம் இருக்கும் அதே வெளிச்சத்தில் கையை நீட்டி அளந்து ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும்.

கருத்த தோலுக்கு வடிவம் தருவது நிழலைவிடப் பளபளப்புதான். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வியர்வையோ எண்ணெயோ பிடிக்கும் வெளிச்சம்தான் முகத்தைச் செதுக்குகிறது. அதனால் நேர் வெளிச்சத்தைவிடப் பக்கவாட்டு வெளிச்சம் மேல். காக்கி லீமாவில் ஆளைத் தெருப்பக்கம் முக்கால்வாசி திருப்பி நிறுத்தினாலே அது கிடைத்துவிடும்.

இதில் வரலாறும் கலந்திருக்கிறது. ஸ்காட்லாந்துப் படக்காரர் ஜான் தாம்சன் 1860களில் பினாங்கில் தங்கிப் படமெடுத்த காலத்து ஈரக் கொலோடியன் தகடு நீலத்தையும் புற ஊதாவையும்தான் நன்றாக உணரும். சிவப்பை உணராது. அந்தக் காலப் படங்களில் வானம் வெள்ளைத் தாளாகவும் மண்ணிறத் தோல் கண்ணால் கண்டதைவிடக் கறுப்பாகவும் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பழைய படங்களில் நம் ஆட்களைப் பார்க்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். இன்றும் சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம் கிடைக்கிறது. இல்ஃபோர்டின் ஆர்த்தோ பிளஸ் 35 மில்லிமீட்டரில் 2019 முதல் விற்பனையில் இருக்கிறது. சுவர், மரம், கல் எடுக்க அருமையான பிலிம். முகங்களுக்கு, என்ன நடக்கும் என்று தெரிந்து செய்தால் ஒழிய, வேண்டாம்.

பிலிம்

தெருவுக்கும் கோயிலுக்கும் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் அல்லது கோடாக் ட்ரை-எக்ஸ் 400. இரண்டுக்குமே ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400. நல்ல வெயிலில் லென்ஸ் துளை எஃப் 16, ஷட்டர் 1/500 நொடி என்று மீட்டர் இல்லாமலே எடுக்கலாம். திறந்த நிழலில் எஃப் 5.6. பிலிமின் பெரிய பலம் வெள்ளைகள்தான். வேட்டி, மல்லிகை, கோலம் எல்லாம் மெல்லமெல்ல வெளுக்கும், டிஜிட்டல் போல ஒரு புள்ளியில் திடீரென்று அறுந்துபோகாது. பலவீனம் நிழல். எதிர்மறையில் (நெகட்டிவில்) பதியாத நிழலை எந்த வேதிப்பொருளும் வரவழைக்காது. எனவே பிலிமில் நிழலுக்கு அளக்க வேண்டும், டிஜிட்டலில் வெளிச்சத்துக்கு அளக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுபவர்கள் முதல் சில ரோல்களைப் பாழாக்குவது இந்தத் தலைகீழ் விதியை மறப்பதால்தான்.

பில்டருக்கான கணக்கு: மஞ்சள் 8ஆம் எண்ணுக்கு 1 ஸ்டாப், மஞ்சள்பச்சை 11க்கு 2, சிவப்பு 25க்கு 3. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மஞ்சள் வாங்குங்கள். நிழலில் எஃப் 5.6இல் எடுப்பவர் சிவப்பு மாட்டினால் எஃப் 2க்கு வந்துவிடுவார், கூர்மையான ஆழம் போய்விடும். தமிழ் முகங்களையும் பூக்கடைகளையும் அதிகம் எடுப்பவருக்கு இரண்டாவதாக மஞ்சள்பச்சை. சிவப்பு கட்டடக்காரர்களுக்கு. லீத் ஸ்திரீட்டில் இருக்கும் சியோங் ஃபாட் சீ நீல மாளிகையின் சுவரைச் சிவப்பு பில்டரில் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பாகும், வெள்ளை அலங்காரங்கள் அதிலிருந்து துள்ளி வெளிவரும்.

வீட்டில் கழுவுவதாக இருந்தால் இங்கே முதல் எதிரி தண்ணீரின் வெப்பம். எச்பி5ஐ ஐடி-11 டெவலப்பரில், நீர் கலக்காமல், 20 டிகிரி செல்சியஸில் கழுவ ஏழரை நிமிடம். நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி வரும். அந்தச் சூட்டில் நேரம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் சமமாகப் பரவாது. வானத்திலும் வெற்றுச் சுவரிலும் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்கு இரண்டு வழி சேர்த்துச் செய்யுங்கள். ஒன்று, டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலப்பது. அப்போது 20 டிகிரிக்கு 13 நிமிடம் ஆகும். இரண்டு, பாட்டில்களை ஐஸ் கட்டி போட்ட பேசினில் நிறுத்தி 24 டிகிரிக்குக் கொண்டுவருவது. 20 வரை இறக்கிப் பிடித்து வைப்பது சிரமம், 24இல் நிலையாக நிற்கும். அங்கே நேரம் ஏறக்குறைய 9 நிமிடம். டெவலப்பரை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைப்படுத்தும் பிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாம் அதே வெப்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கடைசிக் கழுவலுக்கு ஓடும் குழாய் வேண்டாம். டாங்கில் புதுத் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, அடுத்து 10 முறை, அடுத்து 20 முறை என்று செய்தால் போதும்.

கடையில் கொடுத்துக் கழுவுபவர்கள் ஸ்கேன் விஷயத்தில் வாய்திறந்து கேட்க வேண்டும். தானியங்கித் திருத்தம் போட்டால் இயந்திரம் கறுப்பை இன்னும் கறுப்பாக்கி வெள்ளையைத் தள்ளிவிடும். நான்காம் மண்டலத்தில் கவனமாக வைத்த முகம் மூன்றுக்கு இறங்கிவிடும். “கான்ட்ராஸ்ட் கூட்டாமல், தட்டையாக ஸ்கேன் செய்து கொடுங்கள்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வண்ண ரா

இதில் கேமரா வண்ணத்தில்தான் பதிவு செய்கிறது. பெரும்பாலான சென்சார்களின் பிக்சல்களில் பாதிக்குப் பச்சை, கால்பங்குக்குச் சிவப்பு, கால்பங்குக்கு நீலம் என்று வடிகட்டிகள் இருக்கின்றன. அந்தத் தகவல் எல்லாம் ரா கோப்பில் கிடக்கும். பின்னால் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். பூக்கடைக்குத் திரும்புவோம். சிவப்பைக் கொஞ்சம் இறக்கினால் பொட்டும் ரோஜாவும் இருளும். பச்சையை ஏற்றினால் இலை வெளுத்து ரோஜா பிரியும். மஞ்சளை ஒரு படி இறக்கினால் செவ்வந்தி மல்லிகையிலிருந்து விலகும். ஆரஞ்சைச் சற்று ஏற்றினால் முகம் மீண்டும் தன் இடத்துக்கு வரும். நான்கு முடிவு, நான்கும் வேறுவேறு திசையில். ஒற்றைக் கண்ணாடி பில்டர் இதைச் செய்ய முடியாது. நம் ஊர்க் காட்சிகளில் வண்ணம் இவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருப்பதால், இந்த ஒரு வசதிக்காகவே ராவை முதலிடத்தில் வைக்கலாம்.

ஆனால் சறுக்கும் இடங்கள் உண்டு. நீலத்தை எல்லைவரை இறக்கினால் வானம் திட்டுத்திட்டாகும், கட்டட விளிம்பில் வெள்ளைக் கோடு தோன்றும். மாற்றங்களை முழு அளவில் பாதிக்குள் நிறுத்துங்கள், படத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கி விளிம்புகளைப் பாருங்கள். இன்னொன்று பழக்கம் சார்ந்தது. “வண்ணத்தில் எடுத்துவைப்போம், பிறகு பார்ப்போம்” என்று எடுப்பவர் வண்ணத்தில் அழகான காட்சியைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். மாற்றிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அழகாக நிற்கும் மகா மாரியம்மன் கோயில் கோபுரம் இதற்குச் சரியான உதாரணம். நூற்றுக்கணக்கான சிலைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதே வண்ணம்தான். அதை எடுத்துவிட்டால் சாம்பல் சரளைக்கல் மேடு போலத் தெரியும். காலைப் பக்க வெயிலில் ஒரே ஒரு சிலையையும் அதன் நிழலையும் எடுத்தால் மட்டுமே அங்கே கறுப்பு வெள்ளைக்கு வேலை இருக்கிறது.

மருந்து எளிது. கேமராவை மோனோகுரோம் முறையில் வைத்து, ராவும் ஜேபெக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். மின்னணு வியூபைண்டரிலும் திரையிலும் கறுப்பு வெள்ளை தெரியும், ரா கோப்பில் வண்ணம் பத்திரமாக இருக்கும். ஃபியூஜிபிலிம் கேமராக்களில் 2016இல் வந்த ஆக்ரோஸ் முறையில் மஞ்சள், சிவப்பு, பச்சை பில்டர் சாயல்களும் உண்டு. ஷட்டரை அழுத்துவதற்கு முன் மூன்றையும் மாற்றிப் பார்த்தால் பொட்டு எதில் நிற்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் பழைய டிஎஸ்எல்ஆரில் இந்த வசதி பின்திரையின் நேரலைக் காட்சியில் மட்டும் கிடைக்கும். கைப்பேசியிலும் மோனோ முறையில் இதே பயிற்சியைச் செய்யலாம். பாடம் அதே பாடம்தான்.

மோனோகுரோம் சென்சார்

2012இல் லைக்கா எம் மோனோகுரோம் வந்தபோது இது பணக்காரர் விளையாட்டாக இருந்தது. 2023இல் பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோகுரோம் வந்த பிறகு வாசல் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. ஆனாலும் கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் கேமராவுக்கு முழுக் கேமரா விலை.

வண்ண வடிகட்டி இல்லாததால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் சென்சாரை அடையும். ஒவ்வொரு பிக்சலும் தானே அளந்த மதிப்பைத் தருவதால் நுணுக்கமும் கூடும். இதன் பெருமை விடியலுக்கு முன்னால்தான் தெரியும். தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பாதையில் இருட்டில் நகரும் காவடிகள், கற்பூர வெளிச்சத்தில் ஒரு பக்கம் மட்டும் தெரியும் முகங்கள். அங்கே எச்பி5ஐ ஐஎஸ்ஓ 1600 என்று வைத்து எடுத்துக் கூடுதல் நேரம் கழுவினால் கான்ட்ராஸ்ட் கூடும், நிழல் காலியாகும், கருத்த முகம் இருட்டோடு போய்விடும். மோனோகுரோம் சென்சாரில் ஐஎஸ்ஓ 6400ல்கூட முகத்தின் நிழல்பக்கம் உயிரோடு இருக்கும். ஊதாவும் நீலமுமான எல்ஈடி விளக்குகளின் கீழும் இதுவே மேல். வண்ண சென்சாரில் அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் கால்பங்குப் பிக்சல்கள்தான் பிடிக்கும், படம் சொரசொரப்பாகும்.

விலை வேறொரு இடத்தில் வசூலாகும். வண்ண ராவில் சிவப்பு வெடித்துப்போனாலும் (வெளிச்சம் மிஞ்சி விவரம் அழிந்தாலும்) பச்சையிலிருந்து கொஞ்சம் மீட்கலாம். இதில் வெடித்தால் போனது போனதுதான். ரதத்தின் முன் தேங்காய் உடைக்கும் காட்சியில், தார்ச்சாலையின் கறுப்பைப் பார்த்து மீட்டர் ஒளியைக் கூட்டும், தெறிக்கும் வெள்ளைப் பருப்பு வெறும் வெண்மையாகிவிடும். ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டாப் குறைத்து, ஷட்டரை 1/1000இல் வைத்து எடுங்கள். நிழலைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். நிறங்களைப் பின்னால் நகர்த்த முடியாததால் கண்ணாடி பில்டரும் திரும்ப வந்துவிடுகிறது, பொட்டுப் பிரச்சினையும் கூடவே வருகிறது.

எந்த வழியில் போனாலும் ஒரு தொல்லை பொது. ஏர்கோன் அறையிலிருந்து தெருவுக்கு வந்ததும் லென்ஸில் பனி படியும். துடைத்தால் மீண்டும் படியும், கோடு விழும். கிளம்புவதற்கு முன்பே கேமராவைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு, வெளியே வந்து 20, 30 நிமிடம் கழித்துத் திறங்கள். குளிர்பெட்டி பிலிமுக்கும் அப்படியே, டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். லென்ஸ்கள் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

எதை எடுப்பது

கையில் ஏற்கெனவே ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தால் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மோனோகுரோம் திரை, வண்ண ரா என்ற கூட்டில் மூன்று மாதம் எடுங்கள். தினமும் பார்க்கும் இடமாக இருப்பது நல்லது. கடல்மேல் நிற்கும் சியூ ஜெட்டி குடியிருப்பின் பலகைப் பாதையோ வீட்டுப் பக்கத்துக் கோயில் வாசலோ போதும். ராவைத் திறக்கும்போது நிற அளவுகளை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அந்த நோட்டுதான் அடுத்த முடிவைச் சொல்லும். பெரும்பாலான படங்களில் மஞ்சள் பில்டருக்கு ஈடான ஒரே சிறு மாற்றத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்குப் பிலிம் ஒத்துவரும். முடிவு ஏற்கெனவே கண்ணில் இருக்கிறது, ஒரு ரோலில் 36 படங்கள்தான் என்பது உங்களை நெருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் நான்கு நிறங்களை வேறுவேறாக நகர்த்தியிருந்தால் ராவை விட்டு நகர வேண்டாம். நிறங்களைத் தொடவே இல்லை, எல்லாம் இரவிலும் கோயில் உள்மண்டபத்திலும் எடுத்தவை, சொரசொரப்பைக் குறைப்பதிலேயே நேரம் போனது என்றால் அப்போது மட்டும் மோனோகுரோம் கேமராவுக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம். அதை வாங்கும் நாளில் லென்ஸின் பில்டர் அளவைப் பார்த்து மஞ்சள்பச்சை 11ஐயும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.